பகிடி இல்லாத அறிக்கை

அத்தியாயம் 3

சத்தியபாமா அக்கா யாருக்கும் இலேசில் தேநீர் ஊற்றிக் கொடுக்கமாட்டார். ஆறு வருடமாக அவரிடம் வேலை செய்யும் நானே என் கோப்பையை நானாகத்தான் நிரப்பிக்கொள்ள வேண்டும். அந்த வெள்ளிக்கிழமை காலை நான் படியேறி வந்தபோது, அவர் தன் கையாலேயே பிளாஸ்கைச் சரித்து, பக்கத்தில் ஒரு துண்டு பனங்கட்டியும் வைத்து, ஒரு பெண்ணை உபசரித்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் யன்னலோரக் கதிரையில் இருந்தாள். அது என்னுடைய கதிரை.

பெயர் நிசாந்தினி. அனலைதீவு. காணி உறுதி எழுதும் ஒரு நொத்தாரிசிடம் நாலு வருடம் எழுதுவினைஞராக இருந்தவள். வயது இருபத்தாறு இருக்கலாம். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தாள். அக்கா கையைக் காட்டி அவளை இருக்கச் சொன்னார். எனக்கு வாசல் பக்கத்து ஸ்ரூல் மிச்சமாயிற்று. அதற்கு மூன்று கால்தான் நேராக நிற்கும்.

எங்கள் அலுவலகம் வேலணையில், சைக்கிள் திருத்தும் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. அக்கா முப்பது வருடம் நீதிமன்றத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். இப்போது வெளிநாட்டில் இருப்பவர்களுக்காக ஆட்களை விசாரித்துக் கொடுக்கிறார். தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்கிறோம், ஆள் மேல் வழக்கு ஏதும் உண்டா என்று ரொறன்ரோவில் இருந்து கேட்பார்கள். வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்கப்போகிறோம், நல்லவரா என்று சூரிச்சில் இருந்து கேட்பார்கள். நீதிமன்றத்துக்குப் போய்ப் பழைய புத்தகங்களைக் கிளறுவது டெனிஸ்ரன் ஆகிய என் வேலை. எழுதிக் கொண்டுவந்தால் அக்கா படித்து ஒப்பம் வைத்து அனுப்புவார்.

போன மாதம் கொழும்பிலுள்ள ஒரு நிறுவனம் தீவுப்பகுதி வேலை முழுவதையும் எங்களுக்கே தருவதாகச் சொன்னது. ஒரு நிபந்தனை வைத்தார்கள். பதிவுகளைத் தேடிப் பார்க்கும் ஆளைச் சோதித்துத் தெரிவுசெய்து, அந்த ஒருவரின் பெயரை எழுதித் தரவேண்டும். இனி எல்லா அறிக்கையிலும் அவருடைய ஒப்பம்தான் விழும். அந்தப் பெயர் என்னுடையதாகத்தான் இருக்கும் என்று நான் நினைத்து, அம்மாவிடம் சொல்லி, அம்மா கோயிலில் மெழுகுதிரியும் கொளுத்திவிட்டார். அடுத்த வாரம் அக்கா பத்திரிகைக்கு விளம்பரம் கொடுத்தார்.

விளம்பரத்துக்கு வந்தவர்களில் இரண்டு பேர் தேறினார்கள். இருவருக்கும் அக்கா ஒரே ஐந்து பெயர்களைக் கொடுத்து, இவர்களுக்கு வழக்கு உண்டா என்று பார்த்து வரச் சொன்னார். அந்த ஐந்து பெயரையும் எனக்குக் காட்டவில்லை. திரும்பி வந்தவர்களிடம் அவர் கேட்டது மூன்று கேள்வி. எந்தப் புத்தகம் பார்த்தீர்? யாரைக் கேட்டீர்? எதைப் பார்க்கவில்லை?

முதலில் வந்தவன் நிலக்ஷன், யாழ்ப்பாணத்தில் இருந்து. கழுத்துப்பட்டி, மடிக்கணினி, வாசனை எல்லாம் இருந்தது. செவ்வாய்க்கிழமையே அழகாக அச்சடித்த தாளை நீட்டினான். ஐவருக்கும் வழக்கு இல்லை. எதைப் பார்க்கவில்லை என்று அக்கா கேட்டார். எல்லாவற்றையும் பார்த்ததாகச் சொன்னான். அக்கா மூன்றாவது பெயரில் விரலை வைத்தார். அது அவருடைய சொந்தத் தம்பியின் பெயர். பக்கத்து வளவுக்காரனோடு பதினொரு வருடமாக வேலி வழக்கு நடத்துகிறார். அக்காவே அதில் இரண்டு முறை சாட்சிக் கூண்டில் ஏறியவர். புத்தகத்தைத் திறந்திருந்தால் அந்த வழக்கு கண்ணில் குத்தியிருக்கும். நிலக்ஷனைக் கீழே கொண்டுபோய் விட்டு, அவனுடைய மோட்டார் சைக்கிள் சீற்றைக்கூட நான் என் கைலேஞ்சியால் துடைத்துவிட்டேன். அவ்வளவு சந்தோசம்.

அந்தச் சந்தோசத்தை இந்தப் பிள்ளை மூன்றே நாளில் கெடுத்துவிட்டாள்.

அவளுடைய அறிக்கை கையெழுத்தில் மூன்று பக்கம். வேலி வழக்கைக் கண்டுபிடித்திருந்தாள். சாட்சி சத்தியபாமா என்றும் எழுதி, அடைப்புக்குள் ‘நீங்களோ?’ என்று கேட்டிருந்தாள். அதைப் படித்துவிட்டு அக்கா வாய்விட்டுச் சிரித்தார். நான் எழுதும் ஒவ்வோர் அறிக்கையின் ஓரத்திலும் பென்சிலால் ஒரு பகிடி எழுதிவைப்பேன். அக்கா அதை அழித்துவிட்டுத்தான் அனுப்புவார். ஆறு வருடத்தில் அவர் சிரித்தது மூன்று தடவை. அதில் ஒன்று தும்மலாகவும் இருக்கலாம்.

எதைப் பார்க்கவில்லை என்ற கேள்விக்கு அவளுடைய பதில் கடைசிப் பக்கம் முழுவதும் இருந்தது. சண்டைக் காலத்துக்கு முந்திய புத்தகங்கள் இல்லை, ஆகவே பார்க்கவில்லை. தொண்ணூற்றாறாம் ஆண்டுப் புத்தகத்தில் கரையான் தின்ற பதினான்கு பக்கம், வாசிக்க முடியவில்லை. யாழ்ப்பாணத்து நீதிமன்றத்துக்குப் போகவில்லை.

“வடிவாய்ச் செய்திருக்கிறீர் பிள்ளை” என்றார் அக்கா.

அந்த ‘வடிவாய்’ எனக்கு ஆறு வருடமாகக் கிடைக்காத சொல். அவளுடைய எழுத்தில் ஒரு பிழையாவது அகப்படாதா என்று அக்காவின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தேன்.

அகப்பட்டது. நாலாவது பெயர் நாகமுத்து சுதன், ஆசிரியர், நெடுந்தீவு. அதற்கு நேரே ‘வழக்கு இல்லை’ என்று எழுதியிருந்தாள்.

அந்தப் பெயரைப் போன வருடம் நானே தேடியிருக்கிறேன். நாலு வழக்கு. கள்ளச் சாராயமான கசிப்பு ஒன்று, வேலி உடைத்தது ஒன்று, துறைமுகத்தில் அடிபாடு இரண்டு. நாலிலும் அவனுடைய பெயரை என் கண்ணால் கண்டு எழுதிக் கொடுத்தேன். அந்த அறிக்கையோடு வேலணையில் வினோஜா என்ற பெண்ணுக்கு அவனோடு பேசி முடித்த கலியாணம் நின்றுபோயிற்று. பிரான்சில் இருக்கும் அவளுடைய அண்ணன்தான் எங்களிடம் விசாரிக்கச் சொன்னவர்.

ஸ்ரூலில் இருந்து எழும்பி நின்று, நாலு வழக்கையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னேன். நாலு வழக்குக்காரனை இவள் நல்லபிள்ளை ஆக்கிவிட்டாள், இவளுடைய ஒப்பத்தை நம்பி யாராவது பெண் கொடுத்தால் நாங்கள்தான் பதில் சொல்லவேண்டும் என்றேன். நிசாந்தினி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயந்த மாதிரித் தெரியவில்லை. அது இன்னும் கோபத்தைக் கூட்டியது.

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ஒராள் நாலு எண்டுறீர். ஒராள் இல்லை எண்டுறா. ரெண்டு பேரும் இப்பவே கோட்டுக்குப் போய்ப் பாத்துக்கொண்டு வாங்கோ. நாலு மணிக்குக் கொழும்புக்குப் பெயர் அனுப்பவேணும். பிழை விட்ட ஆளின்ரை பெயர் போகாது.”

அதைவிட எனக்கு என்ன வேண்டும்? படியில் இரண்டிரண்டாக இறங்கினேன்.

வேலணையில் இருந்து நீதிமன்றம் இருக்கும் ஊர்காவற்றுறைக்கு என் மோட்டார் சைக்கிளில் இருபது நிமிடம். அவள் பின்னால் ஏறி, எங்கள் இருவருக்கும் நடுவே தாள்கள் வைத்த மட்டையை நிமிர்த்தி மதிலாக வைத்துக்கொண்டாள். வழி முழுவதும் நான் அறிவுரை சொன்னேன். பதிவு தேடும் வேலை பிள்ளைகளின் விளையாட்டு இல்லை, கண் கூர்மை வேண்டும், அனுபவம் வேண்டும். அவள் எல்லாவற்றுக்கும் ஓம் என்று ஒத்துக்கொண்டாள். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அந்த நாலு வழக்குக் கோவையையும் திறந்து பாத்தனீங்களோ அண்ணை?”

காற்றில் கேட்கவில்லை என்று சைகை காட்டினேன். கேட்டது.

நீதிமன்றத்து ஆவண அறையில் பத்திநாதர் இருந்தார். எங்கள் ஊர் ஆள், கோயிலில் எனக்கு முன் வாங்கில் இருப்பவர். விண்ணப்பத்தைக் கொடுத்ததும் பிணைப் பதிவேட்டைத் தூக்கி வந்து மேசையில் போட்டார். பிணையில் விட்ட ஒவ்வொரு வழக்கிலும் சம்பந்தப்பட்டவர்களின் பெயர்கள் அதில் எழுதியிருக்கும். நான் பக்கங்களைத் தட்டி நாலு இடத்திலும் விரலை வைத்தேன். நாகமுத்து சுதன். நாகமுத்து சுதன். இன்னும் இரண்டு. ஒவ்வொன்றுக்கும் அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தேன்.

அவள் குனிந்து ஆறுதலாகப் படித்தாள். பிறகு மூன்றாவதையும் நாலாவதையும் எடுத்து, துறைமுகத்து அடிபாடு இரண்டும் எந்தத் தேதி என்று என்னிடம் கேட்டாள். பார்த்தேன். ஒரே நாள். இடம் ஒன்று, நேரமும் ஒன்று. வலை விரிக்கும் இடத்துக்காக இரண்டு கூட்டம் அடிபட்டு, ஒரு கூட்டம் மற்றக் கூட்டத்தின் மேல் முறைப்பாடு கொடுக்க, அவர்கள் திருப்பி இவர்கள் மேல் கொடுத்திருக்கிறார்கள். ஒரு சண்டைக்கு இரண்டு வழக்கு.

“அப்ப சுதன் மாஸ்ரர் ரெண்டு பக்கமும் நிண்டு அடிச்சவரோ அண்ணை? தன்னைத் தானே அடிச்சவரோ?”

பகிடி விடுவது என் தொழில். என் தொழிலையும் அவள் எடுத்துக்கொண்டாள் என்றுதான் முதலில் நினைத்தேன். அதற்குப் பிறகுதான் அவள் சொன்னது உள்ளே போயிற்று.

பெயருக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. நாலு இடத்திலும் அதே குறிப்பு. ‘சம்பளக் கடிதம் காட்டப்பட்டது.’ கசிப்போடு பிடிபட்டவன் சம்பளக் கடிதத்தோடு ஏன் வருகிறான் என்று அவள் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை. பத்திநாதரிடம் நாலு கோவையையும் எடுத்துத் தரச் சொன்னாள்.

கோவைகள் வந்தன. எதிரிகள், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களின் பெயர்கள் வேறு. சுதன் எதிரி இல்லை. பிணையாளி.

நெடுந்தீவில் மாதச் சம்பளம் வாங்குகிறவர்களை விரல் மடித்து எண்ணலாம். ஊரில் யாரையாவது பிடித்தால், அரசாங்கச் சம்பளக்காரர் ஒருவர் வந்து ஒப்பம் வைத்தால்தான் வெளியே விடுவார்கள். அதனால் விடிந்ததும் எல்லோரும் போய் நிற்பது பள்ளிக்கூடத்து மாஸ்ரர் வீட்டு வாசலில். மாஸ்ரர் ஒரு நாள் லீவு போட்டு, கடிதத்தையும் எடுத்துக்கொண்டு, படகேறி வருவார். அடித்தவர்களுக்கும் வருவார், அடி வாங்கியவர்களுக்கும் வருவார். தீவில் பிறந்த எனக்கு இது தெரியாதா? என் சித்தப்பாவையே அப்படி ஒரு மாஸ்ரர்தான் வெளியே எடுத்தவர்.

பத்திநாதர் கோவைகளைத் திரும்ப அடுக்கிக்கொண்டே சொன்னார்.

“போன வருசமும் இந்த நாலையும் எடுத்துக்கொண்டு வந்தனான் தம்பி. வந்து பாத்தா உம்மைக் காணேல்லை. தலையிடி எண்டு போட்டுப் போனதா வாசல்லை சொன்னவை.”

நிசாந்தினி ஒரு வார்த்தை குத்திக் கேட்டிருந்தால் திருப்பிச் சண்டை பிடித்திருப்பேன். அவள் தன் தாளில் ‘பிணையாளி, நாலு வழக்கு’ என்று எழுதி, பத்திநாதரின் முத்திரையை வாங்கினாள். திரும்பி வரும்போது வழியில் நான் அறிவுரை எதுவும் சொல்லவில்லை.

மூன்று மணிக்கு அலுவலகத்தில் இருந்தோம். நான் வாயைத் திறப்பதற்கு முன்னமே அக்கா மேசை லாச்சியைத் திறந்து ஒரு தாளை எடுத்து வைத்தார். என் எழுத்து. போன வருடத்து அறிக்கை.

அவசரத்தில் நடந்த பிழை என்றேன். நீதிமன்றத்தில் சனம், வெயில், தலையிடி என்று அடுக்கினேன். இந்தப் பெயர் சோதனைப் பட்டியலில் வந்ததும் நல்லதுக்குத்தான், பிள்ளை கெட்டிக்காரி என்றும் சேர்த்துக்கொண்டேன். அந்த வார்த்தையைச் சொல்ல நாக்குக் கூசியது.

“நாலாவது பெயரை நான் அவை ரெண்டு பேருக்கும் வைக்கேல்லை, டெனிஸ்ரன்” என்றார் அக்கா. “உமக்கு வைச்சனான்.”

கீழே சைக்கிள் கடையில் யாரோ காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா அது நிற்கும்வரை காத்திருந்து, மெதுவாகச் சொன்னார். கொழும்புக்கு என் பெயரைத்தான் அனுப்ப நினைத்தாராம். எப்படிச் சிபாரிசு எழுதலாம் என்று பார்க்க, ஆறு வருடத்து அறிக்கைகள் நூற்று எழுபதையும் இரண்டு நாள் இருந்து திரும்பப் படித்தாராம். நூற்று அறுபத்தொன்பதில் ஓரத்தில் பென்சில் அழித்த தடம் இருந்தது. ஒன்றில் இல்லை.

“இதிலை அழிக்கிறதுக்கு ஒண்டும் இருக்கேல்லை. செத்தவீட்டு விசாரணையிலையும் பகிடி எழுதின ஆள் நீர். இதுக்கு மட்டும் ஏன் எழுதேல்லை எண்டு யோசிச்சன். பேந்து பாத்தா, கோவை எடுத்துப் பாத்தா கோட்டிலை தாற துண்டும் இணைக்கேல்லை. பேந்து பொம்பிளையின்ரை பெயரைப் பாத்தன். நீரும் அவவும் ஒரே ரியூசன் வகுப்பு எண்டு நீர்தான் ஒருக்கா எனக்குச் சொன்னனீர்.”

நிசாந்தினி எழும்பி, பிளாஸ்கைக் கழுவப்போவதாகச் சொல்லிவிட்டுக் கீழே போனாள். பிளாஸ்க் மேசையில்தான் இருந்தது.

பங்குச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லாததை அன்று அக்காவிடம் சொன்னேன். ரியூசனில் மூன்று வருடம் வினோஜாவுக்குப் பின்னால் உள்ள வாங்கில் இருந்தேன். ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தாலும் சமயம், சாதி, வீடு என்று ஆயிரம் இருந்தது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். போன வருடம் அவளுக்குப் பேசிய மாப்பிள்ளையை விசாரிக்கும் வேலை என் கையிலேயே வந்து விழுந்தது. பதிவேட்டில் முதல் தடவை அவனுடைய பெயரைக் கண்டபோது எனக்குச் சந்தோசமாக இருந்தது. நாலாவது தடவை கண்டபோது கோவைகளைப் பார்க்க மனம் வரவில்லை. பார்த்தால் நாலு குறைந்துவிடுமோ என்று பயந்தேன். தலையிடி வந்தது உண்மை. எழும்பிப் போக வேண்டும் என்று நினைத்த பிறகு வந்தது.

அக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

“நான் துண்டைத் தேடாமல் ஒப்பம் வைச்சனான். அது என்ரை பிழை. அண்ணன்காரனுக்கு நான் இப்ப ரெலிபோன் எடுக்கிறன். புது அறிக்கையை நீர் உம்மடை கையாலை எழுதி, உம்மடை கையாலையே கொண்டுபோய் வினோஜாவிட்டைக் குடும்.”

“பேந்து நான் வேலைக்கு வரலாமோ?”

“திங்கக்கிழமை வாரும். இனி உம்மடை அறிக்கையை முதல் நிசாந்தினி பாப்பா. அதுக்குப் பிறகுதான் எனக்கு வரும்.”

நாலு மணிக்கு நிசாந்தினியின் பெயர் கொழும்புக்குப் போயிற்று. மேலே வந்து யன்னலோரக் கதிரைக்குப் பக்கத்தில் அவள் இருக்கத் தயங்கி நின்றாள். இரும் என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொல்ல நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஸ்ரூலில் இருந்து எழுதினேன். எட்டு வரி. முதல் வரியிலேயே, முந்திய அறிக்கை பிழை என்று எழுதினேன். கடைசியில் நாலு கோவை எண்ணும் பத்திநாதரின் முத்திரையும். நிசாந்தினி படித்து, ஒரு தேதியைத் திருத்தித் தந்தாள். அதுவும் சரியான திருத்தம்தான், பாழாய்ப் போனவள்.

வினோஜாவின் வீடு அலுவலகத்தில் இருந்து நடக்கிற தூரம். கேற்றைத் திறந்தவள் அவள்தான். அண்ணன் நான் வருவதற்கு முன்னமே ரெலிபோன் எடுத்திருக்க வேண்டும், கண் சிவந்திருந்தது. உள்ளே வரச் சொன்னாள். நான் கேற்றடியில் நின்றபடியே தாளை நீட்டினேன். அவள் ஒருமுறை படித்தாள். பிறகு திரும்ப முதலில் இருந்து படித்தாள்.

ஒரு வருடமாக நெடுந்தீவில் யாரும் சுதன் மாஸ்ரரை மதிப்பதில்லையாம். கலியாணம் குழம்பிய மாஸ்ரர் என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூடக் கதைத்தார்களாம். அப்படியிருந்தும் அவர் அண்ணனுக்கு ஒரு கடிதம்தான் எழுதினாராம், வடிவாய் ஒருக்கால் விசாரித்துப் பாருங்கோ என்று. அண்ணன் அதற்குப் பதில் போடவில்லை. இதையெல்லாம் அவள் தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். பிறகு நிமிர்ந்தாள்.

“முதல் அறிக்கை எழுதினது ஆர்?”

விசாரணை நிலையம் எழுதியது என்று சொல்லலாம். பதிவேட்டில் பிழை என்றும் சொல்லலாம். அவள் நம்பியிருப்பாள். அந்த முதல் அறிக்கையில் என் ஒப்பம் இருக்கவில்லை.

“நான்தான்” என்றேன். “கோவையைத் திறந்து பாக்கேல்லை. வேணுமெண்டுதான் பாக்கேல்லை.”

அவள் ஏன் என்று கேட்கவில்லை. கேட்பாள் என்று வழி முழுவதும் பதில் கட்டிக்கொண்டு வந்திருந்தேன். பின்வாங்கு, மூன்று வருடம், எல்லாம். அவள் தாளை நாலாக மடித்து, கையில் இருந்த ரெலிபோனின் உறைக்குள் வைத்துக்கொண்டு, சுவர் மணிக்கூட்டை எட்டிப் பார்த்தாள்.

“காலமை நெடுந்தீவுக்கு முதல் படகு எத்தினை மணிக்கு?”

வாழ்நாளில் அவள் என்னிடம் கேட்ட ஒரே உதவி அதுதான். பொறாமை வந்தது. காலையில் வந்ததைவிட, போன வருடம் வந்ததைவிடக் கூட வந்தது. ஒன்பதரை என்று சொன்னால் படகு போயிருக்கும் என்றும் ஒரு நினைப்பு ஓடியது.

“எட்டு மணிக்கு. குறிகட்டுவான் துறையிலை ஏழரைக்கே நில்லும். பிந்திப் போனா இடம் கிடையாது” என்றேன்.